முன்பல் செத்துவிட்டதாம். மறுபடி உயிர் வருமா?

தறிச்சத்தம் | வெள்ளி இரவு 10:12

வணக்கமுங்க. நான் இங்கே அதிகம் எழுதியதில்லை, படித்துவிட்டுப் போய்விடுகிற ஆள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். பையனுக்கு ஒன்பது வயது. ஏழு மாதத்துக்கு முன் சைக்கிளோடு சாக்கடைக் கல்லில் விழுந்து மேல் முன்பல்லின் ஓரம் சில்லு போய்விட்டது. அப்போது போன இடத்தில் உடைந்த இடத்தை வெள்ளையாக அடைத்து அனுப்பிவிட்டார்கள். திரும்ப வந்து காட்டச் சொல்லவில்லை, நாங்களும் போகவில்லை.

போன வாரம் அவனுக்குப் பல் தேய்த்துவிட்ட என் மனைவி, பல்லுக்கு மேலே ஈறில் கடுகு அளவு கொப்புளம் இருப்பதைப் பார்த்தாள். அமுக்கினால் சீழ் வருகிறது. பல்லும் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் மங்கல். வலி துளியும் இல்லை என்கிறான்.

ஒரு டாக்டர் ரூட் கேனால் என்றார். இன்னொருவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வேர் இன்னும் மூடவில்லை, உள்ளே ரத்தம் வரவைத்து "ரீவாஸ்குலரைசேஷன்" செய்யலாம் என்றார். இதற்கு நடுவில் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான்: ஜப்பானிலும் சீனாவிலும் ஸ்டெம் செல் வைத்துச் செத்த பல்லுக்குள் நரம்பையே வளர்க்கிறார்களாம். கூடவே, சின்னவளின் பால் பல்லைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம் என்று ஒரு கம்பெனி ஆள் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாம் ஒன்றா, வேறு வேறா? தலை சுற்றுகிறது.

சந்தேகச் சாமி | வெள்ளி இரவு 10:40

ஸ்டெம் செல் என்று பலகை மாட்டியிருந்தாலே நான் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். முழங்கால், சர்க்கரை, வழுக்கை எல்லாம் முடிந்தது. இப்போது பல்லா? அந்தக் கம்பெனி ஆளின் நம்பரை முதலில் பிளாக் பண்ணுங்கள்.

பல்லவன் | வெள்ளி இரவு 11:25

சாமி, கம்பெனிக்காரர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. மற்றதில் கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி, நான் வேர் சிகிச்சை மட்டும் பார்க்கிற பல் மருத்துவன், பதினாறு வருடமாகிறது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் இரண்டாவது டாக்டர் எக்ஸ்ரேயில் சரியான இடத்தைப் பார்த்திருக்கிறார்.

முன்பல் ஏழு, எட்டு வயதில் ஈறைத் தாண்டி வெளியே வரும்போது வேர் முழுதாக வளர்ந்திருக்காது. முழு நீளம் வந்து நுனி மூடுவதற்கு இன்னும் சுமார் மூன்று வருடம் ஆகும். அந்த வேலையைச் செய்வது நாம் எல்லோரும் "நரம்பு" என்று சொல்கிற பற்கூழ்தான். அதில் நரம்பு மட்டுமா இருக்கிறது? ரத்தக்குழாய், நார்த்திசு, சுவரை ஒட்டி வரிசையாக நின்று டென்டினை, அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கிற பல் சுவரைக் கட்டுகிற செல்கள் எல்லாம் உண்டு. கூழ் செத்தால் வேர் அந்த நிலையிலேயே நின்றுவிடும். குட்டை வேர், மெல்லிய சுவர், அடியில் புனல் மாதிரி விரிந்த வாய்.

வழக்கமான ரூட் கேனாலில் குழாயைச் சுத்தம் செய்து ரப்பர் மாதிரிப் பொருளை அழுத்தி நிரப்புவோம். நுனி குறுகலாக இருந்தால்தான் அது அங்கே நிற்கும். உங்கள் பையன் பல்லில் அப்படிச் செய்வது அடியில்லாத டம்ளரில் தண்ணீர் பிடிக்கிற கதை. முதல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தாரா?

தறிச்சத்தம் | சனி காலை 6:05

எடுக்கவில்லைங்க டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தார்.

பல்லவன் | சனி காலை 7:30

சரி. அப்படியானால் அவர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வேரின் திறந்த வாயில் எம்.டி.ஏ. என்ற மருந்துச் சிமெண்டால் அடைப்பு வைத்து, மேலே நிரப்புவது. பல வருடமாக நடப்பது, நம்பகமானது. தொற்று போய்விடும். ஆனால் சுவர் மெல்லியதாகவேதான் இருக்கும். இன்னொரு அடி பட்டால் ஈறு மட்டத்தில் மடக்கென்று ஒடிகிற அபாயம் உண்டு. இரண்டாவது, அந்த ரீவாஸ்குலரைசேஷன்.

சந்தேகச் சாமி | சனி காலை 7:41

சிமெண்டா?

பல்லவன் | சனி காலை 7:52

சிமெண்டேதான். கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தின் டோராபினெஜாட் 1990களில் கொண்டுவந்தது. அதன் அடிப்படைச் சரக்கு நம் வீட்டுக்குப் போடும் போர்ட்லேண்ட் சிமெண்ட். சுத்திகரித்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு பிஸ்மத் சேர்த்திருப்பார்கள். ஈரத்தில்தான் இறுகும் என்பது வாய்க்குள் பெரிய வசதி. மூட்டை விலைக்குக் கிடைக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஆய்வக எலி | சனி மதியம் 1:15

ஸ்டெம் செல் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். ஸ்டெம் செல் என்றால், பெருகவும் தேவைப்படும் வகைச் செல்லாக மாறவும் கூடிய மூலச் செல். ஆறு வருடம் பற்கூழ் செல் வளர்த்த ஆள் நான். இப்போது வேறு வேலை.

2000-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கிரான்தோஸ், சாங்டாவ் ஷி குழு, பிடுங்கிய ஞானப்பற்களின் கூழில் ஸ்டெம் செல் இருப்பதைக் காட்டியது. அந்தச் செல்களை எதிர்ப்புச் சக்தி குறைந்த எலியின் தோலுக்கு அடியில் வைத்தால், டென்டினும் அதையொட்டிக் கூழ் போன்ற திசுவும் உருவாயின. மூன்று வருடம் கழித்து அதே குழு பால் பல்லிலும் இருக்கிறது என்று எழுதியது. ஷி குழந்தைகளுக்கான பல் மருத்துவரும் கூட. தன் மகளின் விழுந்த பல்லுக்குள் சிவப்பாகக் கொஞ்சம் திசு ஒட்டியிருந்ததைப் பார்த்து, அடுத்த பல் விழும்வரை காத்திருந்து அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஒரு பால் பல்லிலிருந்து கிண்ணத்தில் ஒட்டிப் பெருகிய செல்கள் எத்தனை தெரியுமா? ஏறக்குறைய 12 முதல் 20. லட்சம் இல்லை, பன்னிரண்டிலிருந்து இருபது.

எங்களுக்கு ஞானப்பல் சின்னக் குப்பியில், ஐஸ் பெட்டிக்குள் வரும். பல்லை உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, வெந்த சேமியா ஒன்றைப் போல ஒரு துண்டு. இடுக்கியால் இழுத்தால் முழுதாக வரும். பொடியாக நறுக்கி, நார்களைக் கரைக்கும் நொதியில் ஒரு மணி நேரம் போல ஊறவைத்து, கிண்ணத்தில் விட்டால் சில நாளில் நட்சத்திரக் கூட்டம் மாதிரி அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் போய் அதற்குத் தீனி மாற்ற வேண்டும். ஒருமுறை இன்குபேட்டரில் பூஞ்சை வந்து நான்கு மாத வேலை போனது. அன்று சாப்பிடாமல் விடுதி மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீடியோவில் "பல்லுக்குள் செல் வைத்தார்கள்" என்று ஒரே வரியில் போவதற்குப் பின்னால் மருந்துத் தொழிற்சாலை தரத்தில் ஒரு சமையல்கூடம் இருக்கிறது. அது எந்தப் பல் மருத்துவமனையின் பின்கட்டிலும் இருக்காது.

தறிச்சத்தம் | சனி மாலை 6:20

நல்லாப் புரிகிறதுங்க. அப்போ ரத்தம் வரவைக்கிறது என்பதும் ஸ்டெம் செல்தானா? வெளியே வளர்க்காமல் உள்ளேயிருந்தே எடுக்கிறார்களா?

பல்லவன் | சனி இரவு 9:50

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது, தம்பி.

வேர் வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் அடியில் ஒரு மொட்டுத் திசு இருக்கும். அதில் ஸ்டெம் செல் நிறைய. கூழ் செத்து, சீழ் பிடித்த பிறகும் அந்த மொட்டு பல சமயம் பிழைத்திருக்கும். அங்கே கீறி ரத்தம் வரவைத்தால் ரத்தத்தோடு அந்தச் செல்களும் குழாய்க்குள் ஏறுகின்றன.

யோசனை பழையது. 1961-லேயே நார்வேயின் நீகார்ட் ஒஸ்ட்பி, காலியான வேர்க்குழாயில் ரத்தக்கட்டி நிரம்பினால் என்ன வளரும் என்று பார்த்தார். 2001-இல் ஜப்பானில் இவாயா குழுவும், 2004-இல் அமெரிக்காவில் பாங்க்ஸும் டிரோப்பும் சீழ் பிடித்த, வேர் மூடாத பல்லில் செய்து காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க ஆரம்பித்தது.

உங்கள் பையனுக்கு நடக்கப்போவது ஏறக்குறைய இதுதான். முதல் நாள் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் பின்பக்கம் சின்ன வாசல் திறந்து, கிருமியைக் கொல்லும் 1.5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் மெதுவாக அலசுவார்கள். வழக்கத்தைவிடக் குறைந்த செறிவு, ஏனென்றால் அடியில் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடக் கூடாது. சுவரைச் சுரண்டவும் மாட்டார்கள், ஏற்கெனவே மெல்லியது. கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்துப் பசையை வைத்து மூடி மூன்று, நான்கு வாரம் விடுவார்கள். கொப்புளம் அமுங்க வேண்டும்.

இரண்டாவது நாள் அட்ரினலின் கலக்காத ஊசி. அட்ரினலின் இருந்தால் ரத்தக்குழாய் சுருங்கி ரத்தமே வராது. 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலால் அலசிவிட்டு, ஃபைல் என்ற மெல்லிய ஊசி போன்ற கருவியை வேர் நுனியைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் விட்டுக் கிளறுவார்கள். ரத்தம் கீழிருந்து மேலே ஏறிவரும். கிணற்றில் ஊற்றுக்கண் திறந்த மாதிரி இருக்கும், நான் இன்னும் ஒவ்வொரு முறையும் அதை ரசித்துப் பார்க்கிறேன். ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தி, உறையவிட்டு, மேலே சிமெண்ட், அதற்கு மேல் அடைப்பு.

ஒரு எச்சரிக்கை. என் ஆரம்ப காலத்தில் கால்சியத்துக்குப் பதிலாக மூன்று ஆன்டிபயாடிக் கலந்த பசையை வைப்போம். அதில் மினோசைக்ளின் உண்டு. பதினோரு வயதுப் பெண் ஒருத்திக்கு நான் வைத்தேன். தொற்று அழகாக ஆறியது. ஆறு வாரத்தில் பல் சாம்பல் நிறமானது. அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிறாள் என்று அம்மா வந்து சொன்னார். பிறகு வெளுக்க வைத்தோம், பாதிதான் போனது. ஆகவே உங்கள் டாக்டரிடம் இரண்டு கேளுங்கள்: உள்ளே என்ன பசை வைப்பீர்கள், மேலே எந்தச் சிமெண்ட். சாம்பல் நிற எம்.டி.ஏ. முன்பல்லுக்கு வேண்டாம். பயோடென்டின் மாதிரி நிறம் மாற்றாதது நல்லது.

ஆய்வக எலி | சனி இரவு 10:30

டாக்டர் சொன்ன ஈ.டி.டி.ஏ. சமாச்சாரத்தை நான் கொஞ்சம் இழுக்கிறேன், எனக்குப் பிடித்த இடம் அது. டென்டின் உருவாகும்போதே வளர்ச்சிக் காரணிப் புரதங்கள் அதற்குள் புதைந்துவிடும். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கொஞ்சம் உருவியெடுக்கும்போது அவை வெளியே வரும். வந்திருக்கும் ஸ்டெம் செல்லுக்கு "இங்கே ஒட்டு, இந்த வேலை செய்" என்று சொல்வது அந்தப் புரதம்தான். ஹைப்போகுளோரைட் நேர்மாறு, அதிகம் போனால் சுவரே செல்லுக்கு விஷமாகிவிடும். கிருமியைக் கொல்லவும் வேண்டும், வருகிற விருந்தாளிக்குப் பாய் விரிக்கவும் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ரத்தம் வரவைத்து வளர்வது பெரும்பாலும் பற்கூழ் அல்ல. நாய்ப் பற்களில் செய்து வெட்டிப் பார்த்தார்கள், பிடுங்க நேர்ந்த மனிதப் பற்களையும் பார்த்தார்கள். உள்ளே இருந்தது வேரின் வெளிப்புறத்தில் இருக்கும் சிமெண்டம் மாதிரி, எலும்பு மாதிரி, பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார் மாதிரி. அதாவது காலியான வீட்டுக்குப் பழைய குடும்பம் திரும்பவில்லை, பக்கத்து வீட்டார் சுவர் தாண்டி வந்து குடியேறிவிட்டார்கள்.

பல்லவன் | சனி இரவு 10:44

குடியேறியவர்கள் விளக்கேற்றி வைத்தால் எனக்குப் போதும் எலியாரே. சீழ் நின்றது, எலும்பு ஆறியது, சில பற்களில் சுவர் தடித்து நுனியும் மூடியது. ஒன்பது வயதுப் பிள்ளை பதினெட்டு வயது வரை சொந்தப் பல்லோடு இருந்தால் அதற்குப் பிறகு தாடையில் பதிக்கிற இம்பிளான்ட் அது இது என்று யோசிக்கலாம். தாடை வளரும் வயதில் இம்பிளான்ட் வைக்க முடியாதே.

ஆய்வக எலி | சனி இரவு 10:51

அதில் சண்டையே இல்லை. "நரம்பு வளர்ந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பல்லவன் | சனி இரவு 10:58

நான் சொல்வதில்லை. சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், உண்மை. இன்னொன்றையும் தறிக்காரத் தம்பி தெரிந்துகொள்ளட்டும்: அடிபட்டுச் செத்த பல்லில் வேர் நீளுவது, மற்ற காரணத்தால் செத்த பல்லைவிடக் குறைவு. அடியே அந்த மொட்டையும் நசுக்கியிருக்கலாம்.

நகோயாவாசி | ஞாயிறு காலை 5:20

இங்கே விடிந்து வெகு நேரமாகிவிட்டது. ஜப்பான் பெயர் வந்ததால் எட்டிப் பார்க்கிறேன். நான் மருத்துவத் துறை இல்லை, கார் உதிரி பாகம். ஆனால் அந்த வீடியோவில் வரும் ஆய்வு நடந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒபு என்ற சின்ன ஊரில். தேசிய முதியோர் மருத்துவ ஆய்வு மையம் அங்கே இருக்கிறது. மிசாகோ நகாஷிமா என்ற ஆய்வாளர் அங்கே பல வருடம் நாய்ப் பல்லில் செய்து, பிறகு மனிதருக்கு வந்தார்.

முதியோர் மையத்தில் எதற்குப் பல் ஆராய்ச்சி என்று நானும் யோசித்திருக்கிறேன். இங்கே 1989-லிருந்து "8020" என்று ஒரு இயக்கம் உண்டு, 80 வயதில் 20 சொந்தப் பல் இருக்க வேண்டும் என்று. வார்டு அலுவலகத்தில்கூடப் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். கிழவர்களுக்கு மெல்ல முடிந்தால்தான் மற்ற உடம்பு நிற்கும் என்பது இவர்கள் கணக்கு.

2017-இல் வெளியானது மனித ஆய்வு. எலியார் விவரம் சொல்லட்டும்.

ஆய்வக எலி | ஞாயிறு காலை 9:10

நன்றி. அது ஐந்தே பேர் மேல் செய்த முன்னோட்டம். கூழ் மீள முடியாத அளவு வீங்கிய பெரியவர்கள். அவரவருடைய தேவையில்லாத இன்னொரு பல்லை, பெரும்பாலும் ஞானப்பல்லை எடுத்து, அதிலிருந்து வளர்த்த செல். எல்லாச் செல்லும் இல்லை. ஜி.சி.எஸ்.எஃப். என்ற புரதத்தை நோக்கி நகர்ந்து வரும் செல்லை மட்டும் பிரித்தெடுத்தார்கள், ஓட்டப் பந்தயம் வைத்து ஆள் எடுக்கிற மாதிரி. அதே புரதத்தோடு கொலாஜன் என்ற நார்ப்புரதத்தில் கலந்து வேர்க்குழாய்க்குள் வைத்தார்கள். நான்கு வாரத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு மின்சோதனையில் உணர்வு தெரிந்தது. 24 வாரத்தில் எம்.ஆர்.ஐ. பார்த்தபோது உள்ளே இருந்த திசு சாதாரணக் கூழைப் போன்ற சமிக்ஞை காட்டியது. ஐந்தில் மூன்று பேருக்குப் பக்கச் சுவரில் புது டென்டின்.

அடுத்த வருடம் சீனா. ஷியானில் உள்ள நான்காம் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகம், யான் ஜின் தலைமை, நம் சாங்டாவ் ஷியும் உண்டு. இது தம்பியின் பையன் மாதிரிக் கேஸ்: அடிபட்டு, வேர் மூடாமல், கூழ் செத்த முன்பல். அந்தந்தப் பிள்ளையின் பால் பல்லிலிருந்து செல் எடுத்து, தாங்குபொருள் எதுவும் இல்லாமல் செல்களே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட உருண்டையாக உள்ளே வைத்தார்கள். 40 பேர் சேர்ந்தார்கள். கணக்கில் வந்தவர்கள் செல் வைத்த 26 பேர், பழைய முறையில் வேர் நுனி மூடவைத்த 10 பேர். 12 மாதத்தில் செல் வைத்தவர்களுக்கு வேர் நீளம் கூடியது, வாய் குறுகியது, ரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பின. மற்றக் குழுவில் அப்படி இல்லை.

சந்தேகச் சாமி | ஞாயிறு காலை 9:33

நிற்க. உள்ளே வளர்ந்தது கூழ்தான் என்று எப்படித் தெரியும்? உயிரோடு இருக்கிற பிள்ளையின் பல்லை வெட்டியா பார்த்தார்கள்? நேற்று நீங்கள்தானே பக்கத்து வீட்டார் என்றீர்கள்.

ஆய்வக எலி | ஞாயிறு காலை 9:58

சாமி, இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

வெட்டித்தான் பார்த்தார்கள், ஆனால் அதற்காகப் பிடுங்கவில்லை. செல் வைத்த பிள்ளைகளில் ஒருவருக்கு அதே பல்லில் மறுபடி அடிபட்டு, எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் சுவரை ஒட்டி டென்டின் கட்டும் செல் வரிசை, நடுவில் நார்த்திசு, ரத்தக்குழாய். பழைய குடும்பமே. ஒரு குழந்தையின் துரதிர்ஷ்டம் மற்ற எல்லோருக்கும் சாட்சியானது.

ஆனால் ஒரு பல்தான். எனக்கு அதைவிடப் பெரிய குறை, ஒப்பிட்டது வேர் நுனியை மூடவைக்கும் பழைய முறையோடு. டாக்டர் சொல்லும் ரத்தம் வரவைக்கும் முறையோடு நேருக்கு நேர் நிறுத்தியிருந்தால்தான், இத்தனை செலவில் செல் வளர்ப்பதால் எவ்வளவு கூடுதல் லாபம் என்று தெரியும்.

தறிச்சத்தம் | ஞாயிறு மதியம் 2:15

பையனுக்கு இன்னும் பால் பல் நாலைந்து இருக்கிறதுங்க. அதில் ஒன்றை எடுத்து இங்கே அதே மாதிரிச் செய்ய முடியாதா? காசு எவ்வளவு ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம் என்கிறாள் என் மனைவி.

பல்லவன் | ஞாயிறு மதியம் 3:02

முடியாது, தம்பி. தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இந்தியாவில் இதை வழக்கமான சிகிச்சையாக யாருக்கும் செய்ய அனுமதி இல்லை. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறியில், ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி ஏற்கெனவே ஏற்கப்பட்டவை தவிர மற்ற எல்லாம் ஆராய்ச்சிதான் என்று தெளிவாக இருக்கிறது. ஆராய்ச்சியில் சேர்ந்தால் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. "உங்கள் பையனுக்கு ஸ்டெம் செல் வைக்கிறோம், இவ்வளவு லட்சம்" என்று யாராவது சொன்னால் செருப்பைக்கூட மறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

மூன்று பால்பல் | ஞாயிறு இரவு 8:40

அந்தக் கம்பெனி போன் விஷயத்துக்காக மட்டும் எழுதுகிறேன். நான் ஏமாந்தவள், ஆகையால் தகுதி உண்டு.

மகளுக்கு ஆறு வயதில் பள்ளியில் ஒரு இலவசப் பல் முகாம். அங்கே ஒரு பெண் அழகாகப் பேசினார். "தொப்புள்கொடியைத் தவறவிட்டீர்கள், இதையாவது விடாதீர்கள்." அந்த ஒரு வாக்கியம் என்னைச் சாய்த்துவிட்டது. தவணையில் கட்டினோம். மூன்று பல். ஒரு சான்றிதழ், தங்க எழுத்தில். இரண்டு வருடம் கழித்து வருடக் கட்டணம் பற்றிக் கேட்க மெயில் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. நம்பர் உபயோகத்தில் இல்லை. மூன்று பல்லும் இப்போது எந்த நைட்ரஜன் தொட்டியில் இருக்கின்றன, தொட்டிதான் இருக்கிறதா, தெரியாது.

என் கணவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் அதிகம் வலிக்கிறது.

சந்தேகச் சாமி | ஞாயிறு இரவு 8:55

அம்மா, உங்களிடம் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல மாட்டேன். எலியார், நேராகச் சொல்லுங்கள்: சேமித்து வைத்தால் பிரயோஜனம் உண்டா?

ஆய்வக எலி | ஞாயிறு இரவு 9:30

சரியாக உறைய வைத்தால் மைனஸ் 196 டிகிரியில் செல் பிழைக்கும், அதில் பொய்யில்லை. பொய் அதற்குப் பிறகு வருகிறது. அந்தச் செல்லை எடுத்து இன்ன நோயைக் குணப்படுத்துவோம் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதே 2017 நெறியிலேயே தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறு எதையும், பல் உட்பட, வியாபாரமாகச் சேமிக்க அனுமதி இல்லை என்று இருக்கிறது. இன்னொன்று, விழுந்த பல்லில் சில சமயம் கூழே இருக்காது, வேரோடு கரைந்து போயிருக்கும். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பல்லைப் பணம் கட்டிப் பாதுகாத்தவர்களும் இருப்பார்கள்.

அக்கா, ஷியான் ஆய்வில்கூட யாரும் முன்கூட்டிச் சேமித்ததை எடுக்கவில்லை. அடிபட்ட பிறகு, வாயில் இருந்த பால் பல்லைத்தான் எடுத்தார்கள்.

மூன்று பால்பல் | ஞாயிறு இரவு 9:36

இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டப் போகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் | திங்கள் காலை 6:45

குழந்தைகள் கதை சரி. எனக்கு 61. கீழ்க் கடைவாய்ப் பல்லில் இருபது வருடத்துக்கு முன் ரூட் கேனால் செய்து கேப் போட்டிருக்கிறது. அதற்குள் இனி உயிர் வருமா? ஆர்வத்துக்காகக் கேட்கிறேன், பல் நன்றாகவே இருக்கிறது.

பல்லவன் | திங்கள் காலை 8:20

நன்றாக இருந்தால் தொடவே கூடாது சார், அதுதான் எங்கள் தொழிலின் முதல் வாய்ப்பாடு.

வளர்ந்த பல்லில் சிக்கல் என்னவென்றால், கூழுக்கு ரத்தம் போகும் வாசல் ஊசிமுனைத் துளைதான், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. அதன் வழியாகப் புது ரத்தக்குழாய் ஏறி, முழுக் குழாயையும் நிரப்ப வேண்டும். அதற்குள் வைத்த செல் பட்டினியில் செத்துவிடும். கடைவாய்ப் பல்லில் மூன்று நான்கு குழாய், வளைவு வேறு. சிலியில் 2020-இல் வெளியான ஒரு ஆய்வில், வேர் மூடிய பெரியவர்களின் பற்களிலேயே, தொப்புள்கொடியிலிருந்து எடுத்த வேறொருவரின் செல்லை ரத்தப் பிளாஸ்மா ஜெல்லில் கலந்து வைத்தார்கள். மொத்தம் 36 பேர். ஆறினது, சிலருக்கு உணர்வும் வந்தது. உள்ளே என்ன வளர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

என்னைக் கேட்டால் பெரியவர்களுக்கு நல்ல செய்தி வேறு இடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் சொத்தை கூழைத் தொட்டு, ராத்திரி தூங்கவிடாமல் வலித்தால் முழுக் கூழையும் எடுத்துவிடுவோம், யோசிக்கவே மாட்டோம். இப்போது பல சமயம் கெட்ட மேல்பகுதியை மட்டும் வெட்டி, ரத்தம் நிற்கிறதா பார்த்து, அந்தச் சிமெண்டால் மூடிவிடுகிறோம். கீழே இருக்கிற கூழ் பிழைத்துக்கொள்கிறது. வெளியே எதையும் வளர்க்காமல் இருக்கிற உயிரைக் காப்பது. ஐரோப்பிய, அமெரிக்க வேர் சிகிச்சைச் சங்கங்கள் 2019, 2021-இல் வெளியிட்ட அறிக்கைகளில் இதற்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப் குழு இன்னும் ஒரு படி போய், டைடிகுளூசிப் என்ற மருந்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து எலிப் பல்லின் குழியில் வைத்து, டென்டினைத் தானே வளரவைத்தது, 2017-இல்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் | திங்கள் காலை 8:31

எனக்கு அன்று முழுவதும் எடுத்துவிட்டார்கள். பிறந்த காலம் தவறிவிட்டது.

தறிச்சத்தம் | ஆறு வாரம் கழித்து, புதன் இரவு 9:15

இழையைத் தூக்குவதற்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றாயிருக்காது.

இரண்டாவது டாக்டரிடமே போனோம். பசை, சிமெண்ட் இரண்டு கேள்வியும் கேட்டேன். "யார் சொல்லிக் கொடுத்தது" என்று சிரித்தார். கால்சியம்தான் வைத்தார். மூன்றாம் வாரம் கொப்புளம் இருந்த இடமே தெரியவில்லை.

இன்று இரண்டாவது நாள். முதலில் கிளறியபோது ரத்தமே வரவில்லைங்க. டாக்டர் முகம் மாறியதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கிளறினார், வந்தது. கண்ணாடி வைத்து எனக்கும் காட்டினார். பல்லவன் டாக்டர் சொன்ன ஊற்றுக்கண்தான். உறைகிற வரைக்கும் கால் மணி நேரம் போல பையன் வாயைத் திறந்துகொண்டே இருந்தான், கையைக் காட்டி எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் எக்ஸ்ரே. கபடிக்கு விடலாமா என்று கேட்டதற்கு, வாய்க்காப்பு போட்டால் விடலாம் என்றார்.

பல்லவன் | புதன் இரவு 9:40

ரத்தம் வராமல் போவது எங்களுக்கும் அடிக்கடி நடக்கும், அவர் பொறுமையாக இருந்தது நல்லது. எக்ஸ்ரேயை முதலில் எடுத்த அதே கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கோணம் மாறினால் வேர் வளர்ந்த மாதிரி நமக்கு நாமே ஏமாற்றிக்கொள்வோம். ஒரு வருடம் வரை நீளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சந்தேகச் சாமி | புதன் இரவு 9:52

கம்பெனி ஆள்?

தறிச்சத்தம் | புதன் இரவு 10:03

பிளாக் பண்ணிவிட்டேன் அண்ணா. சின்னவளுக்கு முந்தாநாள் கீழ்ப்பல் விழுந்தது. அம்மா சாணி உருண்டையில் வைத்துக் கூரையில் எறியச் சொன்னார்கள். ஓட்டுக் கூரை இப்போது எங்கே இருக்கிறது, தறி ஷெட்டின் தகரத்து மேல் எறிந்தாள். டங் என்று ஒரு சத்தம். தறி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு மட்டும்தான் கேட்கவில்லையாம்.